கடைமடையில் வண்டியைத் தின்னும் உப்பு: வாடைக்காலத்துக்கான பைக் பராமரிப்பு

ஐப்பசியில் வாடைக்காற்று திரும்பிவிட்டால், தை மாதப் பனி ஓயும்வரை காவிரி டெல்டாவின் கடைமடையில் வண்டியை உப்பு விடாது. ஒரே வருடம் வாங்கிய இரண்டு பைக்குகளைப் பக்கத்தில் நிறுத்துங்கள். தஞ்சாவூரில் ஓடியது எது, வேதாரண்யத்தில் ஓடியது எது என்று சென்டர் ஸ்டாண்டு ஸ்பிரிங்கைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

குளிர்நாடுகளில் சாலையில் உறையும் பனிக்கட்டியை உருக்க உப்பைக் கொட்டுகிறார்கள். அங்கே வண்டிக்கு வரும் உப்பு பெரும்பாலும் அந்த ஒரே வழியில் வருகிறது. நம் பக்கம் அது நான்கைந்து வழியில் வருகிறது. வழியைத் தெரிந்துகொண்டால்தான் வண்டியின் எந்த இடத்தைக் காக்க வேண்டும் என்பது புரியும்.

முதலாவது காற்று. அலை உடைந்து தெறிக்கும் நுண்துளிகளை வாடையும் கொண்டலும் ஊருக்குள் தள்ளுகின்றன. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. துளி காய்ந்தாலும் அந்த உப்பு டேங்க், ஹேண்டில்பார், ஸ்போக் எல்லாவற்றிலும் மெல்லிய படிவாகத் தங்கிவிடும். இரண்டாவது உப்பளச் சாலை. அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு, அதிராம்பட்டினம் பக்கம் ஈர உப்பு ஏற்றிப் போகும் லாரியிலிருந்து சொட்டுவது கடல்நீர் அல்ல, உப்பு விளையும் பதத்துக்கு வந்த நீர். அதில் லிட்டருக்கு 300 கிராமுக்கு மேல் உப்பு இருக்கும். லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போனால் அத்தனையும் உங்கள் ஃபோர்க்கிலும் இன்ஜின் அடியிலும்தான் அடிக்கும். 50 மீட்டராவது விட்டுப் போங்கள். சாலையில் ஈரக்கோடு தெரிந்தால் சக்கரத்தை அதிலிருந்து விலக்கி ஓட்டுங்கள்.

மூன்றாவது மீன் பெட்டி. நான்காவது உர மூட்டை. பொட்டாஷ் என்று நாம் வாங்குவது பொட்டாசியம் குளோரைடு. இரும்பை அரிப்பதில் சமையல் உப்புக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலும் வேலை செய்வது குளோரைடுதான். ஐந்தாவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை: வண்டி கழுவுகிற போர் தண்ணீர். டெல்டா கடலோரத்தில் இதுவும் வண்டிகளைக் கெடுக்கிறது. கீழே தனியாகச் சொல்கிறோம்.

ராத்திரியில்தான் வேலை நடக்கிறது

காய்ந்த உப்பு இரும்பை ஒன்றும் செய்யாது. ஈரம் வேண்டும். ஆனால் அந்த ஈரத்துக்கு மழை பெய்ய வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே கசியத் தொடங்கும். மார்கழி ராத்திரியில் சமையலறை உப்பு ஜாடி நசநசவென்று ஆகிறதே, அதே காரியம் உங்கள் செயினிலும் நடக்கிறது. மாலை ஆறு மணிக்கு நிறுத்திய வண்டி காலை ஏழு மணிவரை பதின்மூன்று மணி நேரம் உப்புத் தண்ணீரில் ஊறுகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் பளபளவென்று கழுவுவதை விட, உப்புப் பட்ட அன்றே பொழுது சாய்வதற்குள் பத்து நிமிடம் அலசுவது மேல். ஷாம்பு இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

எந்தத் தண்ணீர்?

கடலோர ஊர்களில் பல போர்களில் வருவது உப்புத் தண்ணீர். அதில் வண்டியைக் கழுவி வெயிலில் காய விட்டால் தண்ணீர் போய்விடும், உப்பு நின்றுவிடும். கழுவக் கழுவ உப்பு ஏறும். காய்ந்தபின் கருப்பு பிளாஸ்டிக்கிலும் சைலன்சரிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு தெரிந்தால் அந்தத் தண்ணீர் வண்டிக்கு ஆகாது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் சிறிய டிடிஎஸ் மீட்டர் ஒன்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். இந்தியத் தரநிலைப்படி குடிநீருக்கு ஏற்ற அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீர் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி உண்டு. வண்டியின் கடைசி அலசலுக்கு 500-க்குக் கீழே இருக்கும் தண்ணீரை எடுங்கள். 2000-ஐத் தாண்டும் தண்ணீரைச் சேறு தட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல தண்ணீர் குடிக்கவே குறைவு என்றால் வண்டிக்கு எங்கே போவது? அதற்கு வழி மழை. வடகிழக்குப் பருவமழையில் கூரைத் தண்ணீரை ஒரு 200 லிட்டர் டிரம்மில் பிடித்து மூடி வைத்தால் பனிக்காலம் முழுக்க வண்டிக்குப் போதும். முதல் கால் மணி நேரத் தண்ணீரைப் பிடிக்காதீர்கள். ஓட்டில் படிந்த உப்பும் தூசும் அதில்தான் இறங்கும். டிரம்மில் பிடித்ததை வாளியால் ஊற்றினால் முக்கால்வாசி தரையில் வீணாகும். தோட்டத்துக்கு விற்கும் 2 லிட்டர் கை பம்ப் ஸ்பிரேயர் ஒன்று வாங்குங்கள். இரண்டு முறை நிரப்பினால், அதாவது 4 லிட்டரில், ஒரு பைக்கின் அடிப்பக்கம் உட்பட முழுவதையும் அலசிவிடலாம். வயலுக்கு மருந்து அடிக்கும் ஸ்பிரேயரை இதற்கு எடுக்கவே கூடாது. களைக்கொல்லி மிச்சம் பெயின்டுக்கும் கெடுதல், உங்கள் கைக்கும் கெடுதல்.

அலசும் முறை

இன்ஜினும் சைலன்சரும் ஆற அரை மணி நேரம் விடுங்கள். சூடான சைலன்சரில் தண்ணீர் பட்டால் உப்பு அதிலேயே சுண்டிப் படியும். சூடான டிஸ்க்கில் பட்டால் டிஸ்க் கோணலாகலாம். சைலன்சர் வாயில் பிளாஸ்டிக் பையைக் கட்டுங்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள்.

அடியிலிருந்து தொடங்குங்கள். பலரும் டேங்கைத் துடைத்து முடிப்பதற்குள் தண்ணீரும் பொறுமையும் தீர்ந்துவிடும், அடிப்பக்கம் அப்படியே நிற்கும். பின் மட்கார்டின் உள்பக்கம், ஸ்விங்-ஆர்முக்கும் சேசிஸுக்கும் நடுவிலுள்ள இடுக்கு, சென்டர் ஸ்டாண்டு மூட்டு, ஃபுட்ரெஸ்ட் கம்பியின் அடி, இன்ஜின் மவுன்டிங் போல்ட்டுகள், முன் மட்கார்டின் பிரேஸ், ரேடியேட்டர் இருந்தால் அதன் முகப்பு: இங்கெல்லாம் முதல் 2 லிட்டர் போகட்டும். வயல்வரப்புச் சேறு ஒட்டியிருந்தால் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். டெல்டாவின் களிமண் காய்ந்தால் செங்கல், ஈரத்தில் பஞ்சு. உப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் உலோகத்துக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும்.

பிறகு மேலே. வாகன ஷாம்பு இருந்தால் புட்டியில் போட்ட அளவில் கலந்து பஞ்சால் துடையுங்கள். துணி சோப்புத் தூள் வேண்டாம். அது காரம், மெழுகுப் பூச்சைக் கழற்றிவிடும், அலுமினியத்தை மங்க வைக்கும். கடைசியாக நல்ல தண்ணீர்.

வாட்டர் சர்வீஸில் விட்டால் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிரஷர் கன்னை வீல் பேரிங், ஃபோர்க் சீல், ஹேண்டில் கோன்செட், சுவிட்ச், வயர் சாக்கெட் ஆகியவற்றுக்கு நேரே பிடிக்க வேண்டாம். சீலைத் தாண்டி உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. அடுத்தது, கழுவி முடித்ததும் டீசல் அடிக்க வேண்டாம். இரண்டு நாள் பளபளப்புக்காக அடிக்கும் டீசல் ரப்பர் புஷ்களை ஊதச் செய்யும், பிரேக்கில் பட்டால் பிடிமானம் போகும், அதன்மேல் உப்புத் தூசி வந்து ஒட்டும். அங்கே வருவது எந்தத் தண்ணீர் என்றும் கேளுங்கள். உப்புத் தண்ணீர் என்றால் வீட்டுக்கு வந்து 2 லிட்டர் நல்ல தண்ணீரால் ஒரு சுற்று அடித்துவிடுங்கள்.

துடைப்பது பாதி வேலைதான்; இடுக்குகள் துணிக்கு எட்டாது. பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். காற்றும் இன்ஜின் சூடும் சேர்ந்து உலர்த்திவிடும். முதல் 200 மீட்டரில் மெதுவாக இரண்டு பிரேக்கையும் மாற்றி மாற்றிப் பிடித்தால் டிஸ்க்கும் டிரம்மும் காயும். மறுநாள் காலை டிஸ்க்கில் லேசான செம்மை தெரிந்தால் பதற வேண்டாம், நாலு பிரேக்கில் போய்விடும். அதற்காக டிஸ்க்கில் எண்ணெய் தடவினால்தான் ஆபத்து.

செயின்: மூடி இருப்பதே வினை

நம் பக்கம் ஓடும் 100, 125 சிசி வண்டிகளில் பெரும்பாலும் செயினை முழுக்க மூடும் கவர் உண்டு. சேற்றிலிருந்து அது காக்கும். ஆனால் உள்ளே போன உப்புத் தண்ணீர் கவரின் அடித்தட்டில் தேங்கி, ஓடும்போதெல்லாம் செயினுக்குத் தெறிக்கும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை கவரைக் கழற்றி உள்ளே வழித்தெடுங்கள். தண்ணீர் வடியும் ஓட்டையைச் சேறு அடைத்திருந்தால் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

செயினை மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் ஒற்றி, அரை மணி நேரம் காய விடுங்கள். பெட்ரோல் வேண்டாம், ஓ-ரிங் செயினில் ரப்பர் வளையத்தைக் கெடுக்கும், தீப்பிடிக்கவும் கூடும். பிறகு 90 கியர் ஆயிலை, கீழ்ப்பக்கச் செயினின் உள்விளிம்பில் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டாக விட்டு, பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இன்ஜினை ஓட விட்டுச் செய்யாதீர்கள். ஸ்ப்ராக்கெட்டில் விரல் போனவர்கள் பலர். ராத்திரி அப்படியே விட்டுக் காலையில் வெளிப்பக்கம் இருக்கும் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது ரோலருக்கும் பின்னுக்கும் நடுவில். வெளியே நிற்பது மணலைத்தான் பிடிக்கும்.

வழக்கமாக 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை போதும். உப்புச் சாலையில் ஓடினால் கிலோமீட்டரைப் பார்க்காமல் அலசிய ஒவ்வொரு முறையும் எண்ணெய் விடுங்கள். பிறகு தளர்ச்சியைப் பாருங்கள்: பெரும்பாலான சிறிய வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர், உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது ஸ்விங்-ஆர்மில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். ஒரு இடத்தில் இறுக்கமாகவும் இன்னொரு இடத்தில் தொளதொளவென்றும் இருந்தால் சில கண்ணிகள் துருவில் இறுகிவிட்டன என்று பொருள். எண்ணெய் விட்டும் கண்ணி மடங்கவில்லை என்றால் செயினை ஸ்ப்ராக்கெட்டோடு மாற்றுவதுதான் வழி.

வேஸ்ட் ஆயிலை சேசிஸில் பூசும் பழக்கம் இங்கே பரவலாக உண்டு. ஓடித் தேய்ந்த எண்ணெயில் கரியும் அமிலமும் உலோகத் துகளும் சேர்ந்திருக்கின்றன. தோலுக்கும் கெடுதல், வாய்க்காலில் இறங்கினால் தண்ணீருக்கும் கெடுதல். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், நாளானால் பிசினாகும். 90 ஆயிலோ ஏபி-3 கிரீஸோ கொஞ்சம் வாங்கி வைப்பது பெரிய செலவே இல்லை.

புரட்டாசியில் அரை நாள்

மழை இறங்குவதற்கு முன் அரை நாள் ஒதுக்கி சீட், பக்க கவர்கள், பேட்டரி மூன்றையும் கழற்றிச் செய்யும் வேலை இது.

பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள், திரும்ப மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். முனையில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கலந்து பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள், நல்ல தண்ணீரில் துடைத்து, காய்ந்ததும் இறுக்கிவிட்டு அதன்மேல் வாஸ்லின் பூசுங்கள். இறுக்குவதற்கு முன்னால் பூசினால் தொடர்பு சரியாக இருக்காது. சேசிஸில் எர்த் வயர் சேரும் போல்ட்டையும் கழற்றி, வளையத்தை எமரி பேப்பரால் தேய்த்து மாட்டுங்கள். கடலோரத்தில் "செல்ஃப் எடுக்கவில்லை, ஹார்ன் விட்டுவிட்டு அடிக்கிறது" என்று வரும் பல வண்டிகளில் கோளாறு இந்த எர்த்தில்தான் இருக்கும். அதைப் பார்க்காமல் பேட்டரி மாற்றுவது வீண் செலவு.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் சென்சார்களும் அவற்றுக்கான சாக்கெட்டுகளும் அதிகம். சாக்கெட்டை உருவி, உள்ளே ஈரம் இல்லை என்று பார்த்து, ஓரத்து ரப்பரில் சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாகத் தடவி மாட்டுங்கள். சாவி ஆனில் இருக்கும்போது எந்த சாக்கெட்டையும் உருவாதீர்கள்.

சிலிக்கான் கிரீஸ் இன்னொரு இடத்துக்கும் வேண்டும்: டிஸ்க் காலிப்பரின் ஸ்லைடு பின்கள். பின் உப்பில் இறுகினால் ஒரு பக்க பேடு மட்டும் தேயும், வீல் இறுக்கமாகச் சுற்றும். சாதாரண கிரீஸ் அங்கே உள்ள ரப்பர் உறையை ஊதச் செய்யும் என்பதால் அது கூடாது. டிரம் பிரேக்கில் கேம் தண்டு இறுகும். அதைக் கழற்றித் துடைத்து ஏபி-3 ஒரு பட்டாணி அளவு, அதற்குமேல் வேண்டாம், மிஞ்சினால் லைனிங்கில் படும். பின் ஆக்சில், சென்டர் ஸ்டாண்டு போல்ட், கிக்கர், பிரேக் பெடல் மூட்டு எல்லாவற்றையும் உருவித் துடைத்து மெல்லிய கிரீஸ் பூசி மாட்டுங்கள். இதைச் செய்யாவிட்டால் ஒரு பஞ்சர் நாளில், ஆக்சில் புஷ்ஷோடு ஒட்டிக்கொண்டு சுத்தியலுக்கும் அசையாமல் நிற்கும்போதுதான் அருமை தெரியும்.

துருப்பிடித்த போல்ட்டுக்கு பதில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போடச் சொல்வார்கள். போல்ட் துருப்பிடிக்காது, உண்மை. ஆனால் அலுமினிய இன்ஜின் கவரில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் உப்பு ஈரமும் சேர்ந்தால் அரிபடுவது அலுமினியம். மரையே பொடியாக வரும். போடுவதானால் மரையில், ஒட்டி இறுகவிடாத ஆன்டி-சீஸ் கிரீஸ் தடவிப் போடுங்கள், வழக்கத்தை விடக் கொஞ்சம் குறைவாக இறுக்குங்கள்.

பெயின்ட் உரிந்த இடங்களை எமரியில் 220, பிறகு 400 எண் தாளால் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, தின்னரால் துடைத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட்டும் எனாமல் இரண்டு கோட்டும் அடியுங்கள். துருவின் மேலேயே பெயின்ட் அடித்தால் துரு உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். ஆறு மாதத்தில் கொப்புளமாக எழும். சைலன்சருக்கு மட்டும் 600 டிகிரி தாங்கும் பெயின்ட். மூன்று மெல்லிய கோட்டாக அடித்து, இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு ஆறவிடுவதை இரண்டு முறை செய்தால் பிடித்துக்கொள்ளும். சைலன்சரின் அடியில் சின்ன ஓட்டை இருந்தால் அது அடைபடக் கூடாது. உள்ளே சேரும் தண்ணீர் வடிவதற்கான வழி அது. கடைத்தெருவரை போய்வரும் குறைந்த ஓட்டத்தில் சைலன்சர் முழுச் சூடாகாது, உள்ளே தண்ணீர் நின்று உள்ளிருந்தே ஓட்டை விழும். வாரம் ஒருமுறையாவது 15, 20 கிலோமீட்டர் ஓட்டுங்கள்.

ஃபோர்க் குழாயின் குரோமில் புள்ளி விழுந்தால் அது ஆயில் சீலைக் கிழித்துவிடும். வாரம் ஒருமுறை துணியில் இரண்டு சொட்டு ஃபோர்க் ஆயில் விட்டுத் துடைத்தால் போதும். ஸ்போக்குக்கும் அதே துணி. குரோமில் துரு வந்துவிட்டால் அலுமினிய ஃபாயிலைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். குரோமைக் கீறாமல் துருவை எடுக்கும்.

மீன் பெட்டியும் உர மூட்டையும்

நாகப்பட்டினத்திலோ பழையாறிலோ மீன் எடுத்து ஊருக்குள் விற்பவர்களின் வண்டி பின்பக்கத்திலிருந்துதான் போகும். ஐஸ் உருகிய தண்ணீர் கேரியர் வழியாக ஷாக் அப்சார்பர், செயின் கவர், பின்விளக்கு வயர் எல்லாவற்றிலும் இறங்கும். பெட்டிக்கு அடியில் ஓரம் மடித்த ரப்பர் ஷீட் ஒன்று போட்டு, பெட்டியின் வடிகால் துளையில் அரை அங்குல டியூபைச் செருகி, செயின் இல்லாத பக்கமாக, டயரில் படாமல் சக்கரத்துக்குப் பின்னால் விழுமாறு கட்டுங்கள். விற்று முடித்ததும் அங்கேயே ஒரு பாட்டில் தண்ணீரைக் கேரியரில் ஊற்றிவிட்டுக் கிளம்புவது நல்ல பழக்கம்.

உர மூட்டையை ஃபுட்போர்டில் வைத்து வந்தால் இறக்கியதும் முதலில் காய்ந்த பிரஷ்ஷால் பெருக்கித் தள்ளுங்கள், பிறகு தண்ணீர். எடுத்த எடுப்பில் தண்ணீர் ஊற்றினால் துகள் கரைந்து இடுக்கில் இறங்கும். யூரியா, டிஏபி அடுக்கிய அறையிலோ மாட்டுக் கொட்டகையிலோ வண்டியை நிறுத்தாதீர்கள். அங்கே எழும் அம்மோனியா செம்பு, பித்தளையை அரிக்கும். வயர் முனைகள் பெரும்பாலும் அந்த இரண்டில் ஒன்றுதான்.

நிறுத்த நல்ல இடம் வாடை படாத, வீட்டின் தென்மேற்குச் சுவரோரம். பிளாஸ்டிக் கவர் போர்த்தினால் உள்ளே வியர்த்து விடியவிடிய ஈரமாகவே இருக்கும். துணிக் கவர், அதுவும் கழுவிக் காய்ந்த வண்டிக்கு மட்டும். உப்பும் மணலும் படிந்த வண்டிமேல் போர்த்தினால் காற்றில் கவரே எமரி பேப்பராகும். பல நாள் நிறுத்துவதானால் டேங்கை நிரப்பி வையுங்கள். காலி டேங்கின் உள்சுவரில் பனி வியர்க்கும், எத்தனால் கலந்த பெட்ரோல் அந்தத் தண்ணீரையும் உறிஞ்சிக்கொள்ளும்.

கடல்நீரில் மூழ்கிவிட்டால்

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. அப்படி ஒரு புயலில் கடல் ஏறி வண்டி மூழ்கினால் முதல் விதி: சாவியைத் திருப்பாதீர்கள், கிக்கரை உதைக்காதீர்கள், தள்ளி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளையும். மூழ்கிய இன்ஜினை ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்துக்குக் காப்பீடு கிடைப்பதும் கடினம். படம் எடுத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லுங்கள்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். வண்டி முழுவதையும், திறந்த சாக்கெட்டுகள் உட்பட, நல்ல தண்ணீரால் தாராளமாக அலசுங்கள். இங்கே மட்டும் சாக்கெட்டில் தண்ணீர் படலாம், உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீரால்தான் வெளியேற்ற முடியும். ஏர் ஃபில்டரை எடுத்துவிடுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றியபின் கிக்கரை மெதுவாகக் கையால் அழுத்தினால் சிலிண்டர் தண்ணீர் பிளக் துளை வழியே வரும். இன்ஜின் ஆயிலை வடியுங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது; புது ஆயில் ஊற்றி ஐந்து நிமிடம் ஓடவிட்டு மறுபடி வடித்து மறுபடி ஊற்ற வேண்டும், நிறம் தெளியும்வரை. அதற்குமுன் டேங்க் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வையுங்கள். அடியில் தனி அடுக்காகத் தண்ணீர் நின்றால் அந்தப் பெட்ரோலை வண்டிக்குத் திரும்ப ஊற்ற வேண்டாம். வீல் பேரிங்குகளையும் பிரேக் லைனிங்குகளையும் திறந்து பார்க்காமல் வண்டியைச் சாலைக்கு எடுக்காதீர்கள்.

புயல் நேரத்தில் மெக்கானிக் கிடைக்க நாலைந்து நாள் ஆகலாம். அதுவரை வண்டியைச் சும்மா காய விடக் கூடாது. காயக் காய உப்பு கெட்டிப்படும். மழைத்தண்ணீர் டிரம் இருந்தால் தினமும் ஒருமுறை அதிலிருந்து அலசுங்கள். பிளக் துளையில் 10 மில்லி இன்ஜின் ஆயிலை விட்டு, கிக்கரை இரண்டு முறை மெதுவாக அழுத்தி, பிளக்கைக் கையால் திருகி மூடி வையுங்கள். பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரோடு ஒட்டாமல் இருந்தால் இன்ஜினைப் பிரிக்காமலே வண்டி பிழைக்க வழி உண்டு.